கொடைக்கானலில் வாங்கிய தொப்பியும் ஒரு தலைவலியும்

1/
போன மாசம் ரெண்டு நாள் லீவு கிடைச்சுது. குடும்பத்தோட கொடைக்கானல் போனோம். ஏரிக்கரைக் கடையில ஒரு ஃபெல்ட் தொப்பி வாங்கினேன். பழைய இங்கிலீஷ் பட ஹீரோ போடுற மாதிரி, ஓரம் மடங்குன தொப்பி. கண்ணாடியில பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. அரை மணி நேரத்துல நெத்தி விண்ணு விண்ணுன்னு தெறிக்க ஆரம்பிச்சிருச்சு.

"டாக்டருக்கே தலைவலியா?"ன்னு மனைவி சிரிச்சாங்க. தொப்பியைக் கழட்டினேன். கொஞ்ச நேரத்துல வலி போயிருச்சு. இந்த இழை அந்தத் தொப்பியைப் பத்தினது. ஆனா தொப்பியில ஆரம்பிச்சு வேற ஒரு இடத்துல போய் நிக்கும். பொறுமையாப் படிங்க.

2/
முதல்ல அந்த வலி என்னன்னு சொல்லிடறேன். வெளியிலிருந்து வரும் அழுத்தத்தால் உண்டாகும் தலைவலின்னே இதுக்கு மருத்துவத்துல தனிப் பெயர் இருக்கு. இறுக்கமான ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, தொப்பி இதெல்லாம் நெத்தியிலும் பின்மண்டையிலும் தோலுக்கு அடியில ஓடுற நரம்புகளைத் தொடர்ந்து அழுத்தும்போது வரும். எங்கே அழுத்துதோ அங்கேதான் வலி அதிகம். கழட்டி ஒரு மணி நேரத்துக்குள்ள அடங்கிடும். அப்படி அடங்கலைன்னா அது தொப்பி வலி இல்லை, டாக்டரைப் பாருங்க.

3/
கடைக்காரர் டேப் வெச்சு அளந்துதான் கொடுத்தார். 57 சென்டிமீட்டர். அளவு சரி. அப்புறம் ஏன் வலிச்சுது?

சுற்றளவு ஒண்ணா இருந்தாலும் வடிவம் ஒண்ணா இருக்காது. ஒருத்தர் தலை முன்பின்னா 20 செ.மீ., பக்கவாட்டுல 16 செ.மீ.ன்னு வெச்சுக்குவோம். இன்னொருத்தருக்கு 18.5-ம் 17.5-ம். ரெண்டு பேருக்கும் சுற்றளவு ஏறக்குறைய 57 தான். ஆனா முதல் ஆளோட நீளத் தலையில ரெண்டாவது ஆளோட உருண்டைத் தொப்பியை மாட்டினா நெத்தியும் பின்மண்டையும் இறுகும். காதுக்கு மேல ரெண்டு பக்கமும் விரல் நுழையுற மாதிரி இடைவெளி விழும். எனக்கு நடந்தது அதான்.

4/
தலை நீளமா இருந்தா, உருண்டையா இருந்தா ஏதாவது கோளாறான்னு உடனே கேப்பீங்க. இல்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு அசிங்கமான வரலாறு உண்டு. 1840-களில் ஸ்வீடன் நாட்டு உடற்கூறியல் அறிஞர் ஆண்டர்ஸ் ரெட்ஸியஸ், தலையின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு மனிதர்களைப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுக்கப்புறம் வந்தவங்க அந்த எண்ணை வெச்சு எந்த இனம் உயர்ந்தது, எது தாழ்ந்ததுன்னு பட்டியல் போட்டாங்க. நம்ம நாட்டிலும் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரா இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அளவையும் தலை அளவையும் வெச்சு சாதிகளை வரிசைப்படுத்தப் பார்த்தார்.

அமெரிக்காவில் ஃபிரான்ஸ் போவாஸ், குடியேறி வந்தவங்களையும் அவங்க பிள்ளைகளையும் ஆயிரக்கணக்குல அளந்து, 1910-களின் தொடக்கத்தில் முடிவை வெளியிட்டார். அங்கே பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெத்தவங்க வடிவத்திலிருந்து மாறியிருந்துச்சு. மாறவே மாறாத இன அடையாளம்னு சொன்னது மாறக்கூடியதுன்னு தெரிஞ்சது. உங்க மண்டை வடிவத்துல இருந்து தெரியவேண்டியது தொப்பி அளவு மட்டும்தான்.

5/
தொப்பிக்காரங்களுக்கு இந்த வடிவப் பிரச்சினை நல்லாவே தெரியும். 1840-களில் பாரிஸில் அதுக்கு ஒரு கருவியே வந்துச்சு. பேரு கன்ஃபார்மேட்டர். பாக்க ஒரு உயரமான தொப்பிக்கும் டைப்ரைட்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும்.

வாடிக்கையாளர் தலையில அதை மாட்டுவாங்க. சுத்தி இருக்கிற மரச் சட்டங்கள் தலையோட ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஏத்த மாதிரி நகரும். மேலே இருக்கிற ஊசிகள் ஒரு அட்டையில அந்த வடிவத்தைச் சின்னதாக் குத்திப் பதிக்கும். அந்த அட்டைதான் உங்க மண்டையோட வரைபடம். அதை வெட்டி, இன்னொரு அச்சுக் கருவியில பொருத்தி, ஆவியில இளக்கின தொப்பிக்குள்ள வெச்சு ஆறவிட்டா, தொப்பி உங்க தலை வடிவத்துக்கே வந்துடும். சில பழைய கடைகள்ல இன்னிக்கும் இந்தக் கருவி வேலை செய்யுது.

6/
சரி, ஆவி காட்டினா தொப்பி ஏன் இளகுது?

ஃபெல்ட் நெய்த துணி இல்லை. பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. ஆட்டு ரோமம், முயல் ரோமம் இதையெல்லாம் மைக்ரோஸ்கோப்ல பாத்தா மேலே மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும். சூடு, ஈரம், அழுத்தம் மூணும் சேரும்போது ரோமங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நகர்ந்து, செதிலோட செதில் மாட்டிக்கிட்டு இறுகிடும். கம்பளி ஸ்வெட்டரை வெந்நீர்ல போட்டுக் கசக்கினா சுருங்கிக் கெட்டியாகுதே, அதே கதைதான். மறுபடி ஆவி காட்டினா கொஞ்சம் இளகும், கையால வளைக்கலாம். ஆறினா அந்த வடிவத்துலயே நிக்கும்.

7/
ஆனா எல்லா ரோமமும் சுலபமாப் பின்னிக்காது. நீரெலின்னு சொல்ற பீவரோட உள்ரோமம் நல்லாப் பின்னும். ஐரோப்பாவில் அந்தப் பிராணியைத் தொப்பிக்காகவே கிட்டத்தட்ட அழிச்சிட்டாங்க. அப்புறம் கனடாவுக்குப் போனாங்க. 1670-ல் தொடங்கின ஹட்சன் பே கம்பெனியின் முக்கிய வியாபாரமே பீவர் தோல்தான். ஒரு கண்டத்தோட வியாபாரத்தையே ஒரு தொப்பி ஃபேஷன் நடத்தியிருக்கு.

பீவர் ரோமம் விலை அதிகம். முயல் ரோமம் மலிவு. ஆனா அது வழுவழுன்னு இருக்கும், சரியாப் பின்னாது. அப்போ கண்டுபிடிச்ச குறுக்கு வழிதான் இந்தக் கதையின் வில்லன்: பாதரசம்.

8/
பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைச்சு, அந்தக் கரைசலை முயல் தோல் மேல தேய்ப்பாங்க. ரோமத்தோட மேற்பரப்பு சொரசொரப்பாகி நல்லாப் பின்னிக்கும். காய வைக்கும்போது ரோம நுனி ஆரஞ்சு நிறமாயிடும். அதனால இங்கிலீஷ்ல இந்த வேலைக்கு கேரட்னே பேர் வெச்சுட்டாங்க. ஃபிரெஞ்சுல இதுக்கு 'ரகசியம்'ங்கிற சொல்லிலிருந்து வந்த பேர். தொழில் ரகசியமாத்தான் ரொம்ப நாள் இருந்துச்சு.

9/
இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. ரோமத்தைக் காய வைக்கும்போது சூடு. வெந்நீர்ல சுருக்கும்போது சூடு. அச்சுல மாட்டும்போது ஆவி. ஓரத்தை வளைக்கும்போது ஆவி. ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் ரோமத்துல தங்கின பாதரசம் ஆவியாகி அறைக்குள்ள பரவும். வாங்கினவர் தலைக்குத் தொப்பி பாந்தமா உக்காரணும்னு எந்த ஆவி உதவிச்சோ, அதே ஆவிதான் செஞ்சவர் நுரையீரலுக்குள்ள பாதரசத்தைக் கொண்டுபோச்சு.

பாதரசத்தை ஒரு சொட்டு முழுங்கினாக் குடல் பெருசா உறிஞ்சாது. ஆவியா மூச்சுல இழுத்தா சுமார் 80 சதவீதம் ரத்தத்துல கலந்துடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும்.

10/
1860-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அடிசன் ஃப்ரீமேன் என்ற டாக்டர், தொப்பித் தொழிலாளர்களிடம் தான் பார்த்ததை அந்த மாநில மருத்துவச் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். ஈறு புண்ணாகுது. பல் ஆடுது. வாய் நாறுது. எச்சில் நிக்காம ஊறுது. கை நடுங்குது. இதுக்குப் பாதரசம்தான் காரணம்னு தெளிவாச் சொன்னார். காத்தோட்டம் இல்லாத சூடான அறைகளையும் சுட்டிக்காட்டினார்.

அடுத்த ஆண்டு 1861-ல் ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மால், கண்ணாடிக்குப் பாதரசம் பூசும் தொழிலாளர்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். ஆக, விஷயம் தெரியாம இல்லை.

11/
கை நடுக்கத்தைத் தாண்டி இதுல ஒரு மனநிலை மாற்றமும் உண்டு. மருத்துவத்துல எரித்திசம்னு சொல்வோம். நல்லாப் பேசிப் பழகினவர் திடீர்னு கூச்சப்படுவார். யாராவது நின்னு பாத்தா வேலை ஓடாது. சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். தூக்கம் வராது. மறதி வரும். குடும்பத்துல "இவர் முன்ன மாதிரி இல்லை"ன்னு சொல்ல ஆரம்பிப்பாங்க.

'ஆலிஸின் அற்புத உலகம்' கதையில வர்ற கிறுக்குத் தொப்பிக்காரன் இதனாலதான் அப்படின்னு வாட்ஸப்ல சுத்துது. கொஞ்சம் பொறுங்க. 1865-ல் வந்த அந்தப் புத்தகத்துக்கு முன்னாடியே 'தொப்பிக்காரன் மாதிரி பைத்தியம்'ங்கிற வழக்கு இங்கிலீஷ்ல இருந்துச்சு. கதையில வர்றவன் வாயாடி, கூச்சமே இல்லாதவன். பாதரச நோயாளி அதுக்கு நேர் எதிர், ஆள் பாத்தா ஒதுங்குவார். கதாபாத்திரத்துக்கும் நோய்க்கும் பொருத்தம் குறைவு. நோய் மட்டும் நிஜம்.

12/
அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரின்னு ஒரு ஊர். தொப்பிக்குப் பேர்போன ஊர். நம்ம ஊர்ல திருப்பூர்னா பனியன் ஞாபகம் வர்ற மாதிரி. அந்த ஊர்ல நடுக்கத்துக்கே 'டான்பரி நடுக்கம்'னு பேர் வந்துச்சு. தெருவுல கை நடுங்கிக்கிட்டு ஒருத்தர் போனா, தொப்பிக் கம்பெனி ஆள்னு புரிஞ்சுக்குவாங்க.

இதுல கொடுமை என்னன்னா, பல பேர் அதைக் குடியால வந்த நடுக்கம்னு சொல்லிக் கடந்துட்டாங்க. நோயும் அவருக்கே, கெட்ட பேரும் அவருக்கே.

13/
இந்த இடத்துல நான் ஒண்ணு ஒத்துக்கணும்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஓ.பி.யில ஒருத்தர் வந்தார். நடுத்தர வயசு. ரெண்டு கையும் நடுக்கம், தூக்கமில்லை, எரிச்சல். நான் கேஸ் ஷீட்டுல முதல் வரியிலேயே 'மதுப் பழக்கமா?'ன்னு எழுதிட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கூட வந்த அவர் அம்மா, "சாமி சத்தியமாத் தொட்டதில்லீங்க தம்பி"ன்னாங்க. நான் நம்பலை. இப்படி எத்தனை பேர் சொல்றாங்கன்னு மனசுல ஒரு அலட்சியம்.

ரவுண்ட்ஸ் வந்த சீஃப் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என்னப்பா வேலை செய்றே?"

பி.பி. பாக்குற மெஷின் ரிப்பேர் பாக்குறாராம். வீட்டுலயே ஒரு சின்ன ரூம். ஜன்னல் திறந்தா தூசி வரும்னு மூடியே வெச்சிருப்பாராம். பல வருஷமாப் பாதரசத்தை வெறும் கையால வடிகட்டி நிரப்பியிருக்கார்.

சீஃப் என்னைத் திட்டலை. கேஸ் ஷீட்டை என் கையில கொடுத்து, "அடிச்சிட்டு எழுது"ன்னார். அவ்வளவுதான். அந்த அம்மா முகத்தை இன்னும் மறக்கலை.

14/
அந்தக் கேள்விக்கு 300 வருஷத்துக்கு மேல வயசு. 1700-ல் இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர், தொழிலாளர்களின் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்து டாக்டர்கள் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோட இன்னும் ஒண்ணைச் சேர்க்கச் சொன்னார்: நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?

பாதரசத்தோட புழங்கும் கண்ணாடிக்காரர்களையும் முலாம் பூசுபவர்களையும் அவர் அப்பவே அந்த நூலில் எழுதியிருக்கார்.

15/
ஃப்ரீமேன் எழுதினது 1860. அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசம் நின்னது எப்போன்னு நினைக்கிறீங்க? 1941 டிசம்பர் 1. நடுவுல 81 வருஷம்.

அந்த நேரத்துல அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கனெக்டிகட் தொப்பிக் கம்பெனிகளில் ஆய்வு பண்ணிச்சு. பரிசோதிச்ச தொழிலாளர்களில் சுமார் பத்தில் ஒருத்தருக்கு நாள்பட்ட பாதரச நஞ்சு இருந்துச்சு. ஹைட்ரஜன் பெராக்ஸைடு மாதிரி மாற்று வழிகளும் கைவசம் இருந்துச்சு. உற்பத்தியாளர்களோட பேசி ஒப்பந்தம் ஆச்சு.

இன்னொரு காரணமும் உண்டு. உலகப் போர். வெடிகுண்டைத் தூண்டுற மருந்துக்குப் பாதரசம் தேவைப்பட்டுச்சு. தொழிலாளியின் கை நடுக்கம் 81 வருஷமாச் சாதிக்காததை முடிக்க, போரும் கைகொடுத்துச்சு. இதைப் பெருமையாச் சொல்ல முடியலை.

16/
தொப்பி வரலாறு மருத்துவத்துக்கு ஒரு நல்லதும் செஞ்சிருக்கு. அதையும் சொல்லிடறேன்.

லண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்ற அறுவை மருத்துவர், ஒரு நோயாளியை 1856-லிருந்து இருபது வருஷம் தொடர்ந்து பார்த்தார். எலும்புகள் தடிச்சு வளைஞ்சுக்கிட்டே போகும் நோய். மண்டை ஓடும் தடிச்சுது. எவ்வளவு தடிச்சுதுன்னு எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல எக்ஸ்ரே கிடையாது. தொப்பி இருந்துச்சு. 1844-ல் அவர் போட்ட தொப்பி இருபத்திரண்டரை அங்குலம். 1876-ல் இருபத்தேழேகால் அங்குலம். பேஜட் இதை 1877-ல் வெளியிட்டார். இன்னிக்கு அந்த நோய்க்கு அவர் பேர்தான்.

அதனால வயசானவங்க "பழைய தொப்பி, பழைய ஹெல்மெட் இப்போ பத்தலை"ன்னு சொன்னா சிரிச்சுட்டுப் போகாதீங்க. மோதிரமும் செருப்பும் சேர்ந்து பத்தலைன்னா வளர்ச்சி ஹார்மோன் அதிகமாச் சுரக்குற நோயாவும் இருக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லுங்க.

17/
இப்போ மறுபடி கொடைக்கானலுக்கு வருவோம். ஏன் அங்கே ஆரம்பிச்சேன்னு சிலருக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும்.

1980-களில் அமெரிக்காவிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்துச்சு. பாம்பார் சோலைக்குப் பக்கத்துல. பாதரசம் நிரப்பும் வேலை. 2001-ல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூட்டை மூட்டையா இருந்ததை மக்கள் வெளிக்கொண்டுவந்தாங்க. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் கழிவுல ஒரு பகுதி கப்பல்ல அமெரிக்காவுக்கே திரும்பிப் போச்சு. தொழிலாளர்கள் பல வருஷம் போராடினாங்க. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு கம்பெனியோட உடன்பாடு ஏற்பட்டது.

1860 நியூ ஜெர்சி, டான்பரி, கொடைக்கானல். ஊர் வேற, பொருள் வேற, உலோகம் ஒண்ணு. ஒரு இடத்துல தெரிஞ்சுபோன பாடத்தை இன்னொரு இடத்துல உள்ளவங்க தங்கள் உடம்பால மறுபடி படிக்க வேண்டியிருக்கு.

18/
பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கிற மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்துச்சு. இந்தியா 2018-ல் ஏற்றுக்கிச்சு. டிஜிட்டல் தெர்மாமீட்டரும் பி.பி. மெஷினும் ஆஸ்பத்திரிகள்ல பெருகினதுக்கு இதுவும் ஒரு காரணம். "பழைய பாதரசம்தான் கரெக்டாக் காட்டும் சார்"னு சொல்றவங்களுக்கு: காட்டும், ஒத்துக்கறேன். அதைச் செஞ்சவர், ரிப்பேர் பாத்தவர் கையையும் ஒரு தடவை பாருங்க.

வீட்டுல பழைய தெர்மாமீட்டர் உடைஞ்சா: குழந்தைகளை வெளியே அனுப்புங்க. ஜன்னலைத் திறங்க. துடைப்பத்தால கூட்டாதீங்க, வேக்யூம் க்ளீனர் போடவே போடாதீங்க, ரெண்டும் பாதரசத்தைப் பரப்பிடும். தங்க நகையைக் கழட்டிட்டு, கனமான ரெண்டு அட்டையால உருண்டைகளைச் சேர்த்து, மூடி போட்ட பாட்டிலில் அடைச்சு வைங்க. சிங்க்ல ஊத்தாதீங்க.

19/
தொப்பி என்ன ஆச்சுன்னு கேக்கறவங்களுக்கு. சரி பண்ணிட்டேன். நீங்களும் பண்ணலாம்:

• தொப்பிக்கு உள்ளே தலையைத் தொடுற பட்டையை வெளிப்பக்கம் திருப்பி விடுங்க. தோல் பட்டைன்னா ஆவி பட்டா சுருங்கிடும்.
• கெட்டில் ஆவியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு, தலை நுழையுற வட்டத்தைச் சுத்திக் காட்டுங்க. சில விநாடி போதும். நனையக் கூடாது, இளகணும். ஆவி கையைச் சுடும், பிள்ளைகள் பக்கத்துல வேண்டாம்.
• நீளத் தலைன்னா, ரெண்டு பக்கமும் உள்ளங்கையால மெதுவா அமுக்குங்க. உருண்டை வட்டம் நீள்வட்டமாகும். உருண்டைத் தலைக்கு, முன்பின்னா அமுக்குங்க.
• கை பொறுக்குற சூட்டுக்கு வந்ததும் பட்டையை உள்ளே திருப்பிட்டு, தலையில போட்டு ஆறும் வரை அப்படியே இருங்க. நம்ம மண்டைதான் அச்சு.
• லூசா இருந்தா பட்டைக்கு உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டோ மடிச்ச காகிதமோ வெச்சா போதும்.

20/
ஒரே ஒரு எச்சரிக்கை. இப்போ கடையில விக்கிற ஆட்டு ரோம ஃபெல்ட் தொப்பிக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆனா பரண்ல இருந்து கொள்ளுத்தாத்தா காலத்து ரோமத் தொப்பி, 1940-களுக்கு முந்தினது கிடைச்சா, அதுக்கு ஆவி காட்டாதீங்க. அந்தப் பாதரசம் இன்னும் அதுக்குள்ள இருக்கலாம். அருங்காட்சியகங்கள்லயே அதைக் கையுறை போட்டுத்தான் தொடறாங்க. போட்டோ எடுத்து மாட்டி வைங்க, போதும். (வெள்ளைக்காரத் துரைங்க போட்டோல போட்டிருக்கிற அந்தக் கெட்டித் தொப்பி ஃபெல்ட் இல்லை, நெட்டியில செஞ்சது. அது வேற கதை.)

21/
தொப்பி இப்போ எனக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி உக்காருது. ஓ.பி.க்குப் போட்டுப் போக முடியாது, அது வேற விஷயம்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அவர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க: "நான் இன்ன வேலை செய்றேன், இத்தனை வருஷமா, இன்ன பொருளோட." சாயப்பட்டறை, பேட்டரி, வெல்டிங், நகைப்பட்டறை, பூச்சி மருந்து, எதுவானாலும். நாங்க அவசரத்துல மறந்துடறோம். நான் மறந்திருக்கேன்.